கேஸ் இல்லை, கிளட்ச்

2024ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். எர்ணாவூரில் இரண்டாவது மாடி வீடு எங்களுடையது. எழுந்ததும் பின்பக்க ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து முகர்ந்து பார்ப்பேன். இந்தப் பகுதியில் பல வீடுகளில் இது நடக்கும்; யாரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. அன்று காற்று கடல் பக்கமிருந்து வந்தது. தொழிற்சாலைகளின் வாடை இல்லை. எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டேன். 5.05க்குப் பால் வாங்கி வந்தேன். 5.30க்கு மனைவி மூச்சளக்கும் குழாயில் மூன்று முறை ஊதினாள். மூன்றில் பெரிய எண் 230. அதை நோட்டில் எழுதினேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதையும் எழுதுகிறேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளுக்கு நகரத்துக்குள் ஒரு மருத்துவமனையில் நுரையீரல் சோதனை இருந்தது. சோதனைக்கு முந்தின நாள் காலையிலிருந்து இன்ஹேலர் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூச்சு முட்டினால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எடுத்தால் சோதனை தள்ளிப்போகும். ஏப்ரலில் ஒருமுறை அப்படித் தள்ளிப்போனது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டோம். காரில் ஏசி நின்றது. கண்ணாடியை இறக்கினோம். காசிமேட்டைத் தாண்டுவதற்குள் அவள் இரண்டு முறை இன்ஹேலரை இழுத்துவிட்டாள். மருத்துவமனையில் இருந்த பெண், "எடுத்துட்டீங்களா? அப்ப இன்னிக்கு முடியாது" என்று சொல்லி வேறு தேதி எழுதிக் கொடுத்தார். அந்தத் தேதிதான் மே 15. அதற்குள் இரண்டு முறை இரவில் ஆக்சிஜன் வைக்க வேண்டி வந்தது. சோதனை முடியாமல் மருந்தை மாற்ற மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வாடகைக் கார்கள் எங்கள் பக்கம் காலையில் வராது. வருவதாகச் சொல்லிவிட்டு லாரி வரிசையைக் கேள்விப்பட்டதும் ரத்து செய்துவிடுவார்கள். ரயில் நிலையப் படிகளில் அவளால் ஏற முடியாது. எங்கள் பதினொரு வருடத்து கார்தான் மிச்சம்.

ஏப்ரலுக்குப் பிறகு அந்த காரை நெடுஞ்சாலையில் உள்ள பெரிய கடை ஒன்றுக்கு இரண்டு முறை எடுத்துப் போனேன். இரண்டு முறையும் "கேஸ் போயிடுச்சு சார்" என்றார்கள், கேஸ் நிரப்பினார்கள். கண்ணாடி அறையும், கம்ப்யூட்டர் ரசீதும் இருந்ததால் நம்பினேன். அது என் தவறு. ஒரு தொழிற்சாலையில் பாகங்களை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அளக்காமல் யார் எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதவன், இதில் ஒப்புக்கொண்டேன்.

அன்று விடுப்பு எடுத்திருந்தேன். மறுநாள் போக வேண்டிய அதே வழியில், அதே நேரத்தில், தனியாக ஒருமுறை போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். 6.02க்குக் கிளம்பினேன். கண்ணாடிகள் நான்கும் மூடியிருந்தன. முதல் இருபது நிமிடம் நல்ல குளிர்ச்சி. தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் வரிசை நின்றது. எனக்கு முன்னால் ஒரு கண்டெய்னர், பின்னால் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இடது பக்கம் மீன் ஏற்றிய வேன், பனிக்கட்டித் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. 6.25க்கு இன்ஜின் சத்தம் சட்டென்று லேசானது. ஏசி துவாரத்தில் கை வைத்தேன். காற்று வந்தது, குளிர்ச்சி இல்லை. கருகிய ரப்பர் வாடை மெலிதாக வந்தது.

கண்ணாடியை இறக்கவில்லை. இறக்காமல் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று பார்த்தேன். ஒன்பது நிமிடம். எனக்கு நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை.

ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, முப்பத்தைந்து நிமிடம் ஆறவிட்டேன். திரும்ப ஏசியைப் போட்டதும் முன்பக்கம் "டக்" என்று சத்தம் வந்தது. குளிர்ச்சியும் வந்தது. நேரங்களை எழுதிக்கொண்டேன். முன்பு ஏசி நின்ற நேரங்களும் அதே நோட்டில்தான் இருந்தன; பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லா முறையும் இருபது முதல் முப்பது நிமிடத்துக்குள்தான் நின்றிருக்கிறது. எல்லா முறையும் ஆறியபின் வந்திருக்கிறது. கண் முன்னால் இருந்ததை அப்போதும் நான் சரியாகப் படிக்கவில்லை.

எங்கள் தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளி கார் ஏசி வேலை செய்யும் ஒருவர் ஷெட் போட்டிருக்கிறார். வண்ணாரப்பேட்டைக்காரர்; தினமும் அங்கிருந்து வருவார். எல்லோருக்கும் அவர் பாய். அவருக்கு நான் நோட்டு சார். பதினொரு மணிக்குப் போனேன். கத்திரி வெயில். தகரக் கூரையின் கீழ் சிமெண்டு மூட்டைச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"வா சார். இன்னா, நோட்டோட வந்துகீறே? வண்டி பாக்கவா, எனக்கு மார்க் போடவா?"

"கேஸ் திரும்பப் போயிடுச்சுன்னு நினைக்கிறேன், பாய். ரெண்டு தடவை போட்டாச்சு."

"யார் சொன்னது கேஸ் போச்சின்னு?"

"மெயின் ரோட்டுப் பெரிய கடையில."

"அந்த நோட்ட குடு."

எண்ணெய் விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் படித்தார். அந்தக் கறை இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

"சூடானா போவுது, ஆறுனா வருது. கேஸ் இன்னா சார், காத்து வாங்க பீச்சுக்குப் போயிட்டு திரும்பி வருமா? லீக்கானா போனது போனதுதான்." எதிரே டீக்கடை மாஸ்டரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் கேஸுதான் மாஸ்டர். வவுறு உப்புதா, கேஸு. அடுப்பு எரியலியா, கேஸு. வண்டி குளுரலியா, கேஸு. மூக்கு எரியுதா..."

அதோடு நிறுத்திக்கொண்டார். மாஸ்டர் பாய்லரைத் துடைக்கத் திரும்பினார்.

வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, நிற்கும் வரை காத்திருந்தோம். பாய் முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே கம்ப்ரஸர் தெரியும்படி முன்பே செய்துவைத்திருந்தார். கம்ப்ரஸரின் முகத்தில் ஒரு புல்லி. இன்ஜின் ஓடும்போதெல்லாம் பெல்ட் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு முன்னால் ஒரு தட்டு. ஏசி போட்டால் உள்ளே இருக்கும் காயிலுக்குக் கரண்ட் வந்து, காந்தமாகித் தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். அந்த ஒட்டும் சத்தம்தான் "டக்". தட்டு ஒட்டினால் கம்ப்ரஸர் சுற்றும். ஒட்டாவிட்டால் புல்லி மட்டும் வெறுமனே சுற்றும். அந்த மொத்தத்துக்கும் பெயர் கிளட்ச்.

24ஆவது நிமிடத்தில் தட்டு நின்றது. புல்லி சுற்றிக்கொண்டிருந்தது. பாய் டெஸ்ட் லாம்பைக் காயில் ஒயரில் வைத்தார். விளக்கு எரிந்தது.

"கரண்ட் வருது பாரு. தட்ட இஸ்க்க முடில."

ஒரு நீளமான மரக்குச்சியை எடுத்தார். சுற்றும் பெல்ட்டில் படாமல், நின்றிருந்த தட்டின் நடுவில் லேசாக ஒரு தட்டு தட்டினார். டக். கம்ப்ரஸர் சுற்றத் தொடங்கியது. ஐந்து நிமிடத்தில் உள்ளே குளிர்ந்தது.

"கேஸ் இல்ல சார், கிளட்ச்சு. தேஞ்சி தேஞ்சி கேப் ஜாஸ்தியாயிச்சி. ஆறி இருந்தா காயிலுக்கு பலம் கீது, இஸ்துகும். சூடானா பலம் போயிடும். அந்தாண்ட கீறத கிட்ட இஸ்க்க முடியாது."

அப்போதே தட்டைக் கழற்றியிருந்தால் நாள் வேறு மாதிரி போயிருக்கும். அவர் கேஸ் அழுத்தத்தையும் பார்த்துவிடலாம் என்று மீட்டரை மாட்டினார். முள் போன இடத்தைப் பார்த்து நாக்கைக் கடித்தார். போகாத கேஸுக்கு மேல் இரண்டு முறை நிரப்பியிருக்கிறார்கள். தளர்ந்த கிளட்ச்சின் மேல் அவ்வளவு சுமை. கருகிய வாடை அதனால்தான். கொஞ்சம் இறக்கியாக வேண்டும் என்றார்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடை வாசலில் மாஸ்டர் நின்றிருந்ததால் பாய் கத்தினார்:

"மாஸ்டர், அந்தாண்ட போ! கேஸ் வுடப்போறேன்!"

குழாய் முனையிலிருந்து "உஸ்ஸ்" என்று நீளமாகச் சத்தம் வந்தது. வெள்ளைப் புகை போல ஒரு கீற்று.

டீக்கடைக்கு அடுத்த வீட்டு நிழலில் மீன் விற்கும் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் எந்தச் சொல் விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்தார். மீன் அன்னக்கூடையை அப்படியே விட்டுவிட்டு, முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு, "கேஸ் வுட்டானுங்கோ! கேஸு!" என்று கத்தியபடி ஓடினார். அந்த வீட்டு ஜன்னல் அடித்துச் சாத்தப்பட்டது. அடுத்தது, அதற்கடுத்தது. யாரோ ஒருவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஈரத் துண்டை அதன் முகத்தில் போட்டபடி கடல் பக்கம் ஓடினார். தொழிற்சாலை கேஸ் கசிந்து அப்படி ஓடிய இரவுகள் இந்தத் தெருவுக்கு உண்டு. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

"ஏய், வண்டி கேஸுப்பா! ஏசி கேஸு!" என்று பாய் நடுத்தெருவில் நின்று கத்தினார். கேட்க ஆள் இல்லை. நானே கர்ச்சீப்பை மூக்கில் வைத்திருந்தேன். எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

பிறகுதான் வீட்டு நினைவு வந்தது.

போன் செய்தேன். எடுக்கவில்லை. போனில் எங்கள் தெருக்காரர்களின் குழுவில் யாரோ அதற்குள் போட்டிருந்தார்கள்: "கேஸ் லீக்காம். ஜன்னல மூடுங்க." நேரம் 11.52. ஓடினேன். நான்கு தெருக்களிலும் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. உச்சி வெயிலில் ஒரு நாய் மட்டும் நடுவில் நின்று என்னைப் பார்த்தது. வேலைநாளில் பன்னிரண்டு மணிக்கு இந்தத் தெருக்கள் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக் கதவின் அடியில் ஈரத் துண்டு திணிக்கப்பட்டிருந்தது. தள்ளித் திறந்தேன். எல்லா ஜன்னல்களும் மூடியிருந்தன. மின்விசிறியும் நிறுத்தப்பட்டிருந்தது. அவள் குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் இன்ஹேலர். மூடி கழற்றப்பட்டுக் காலடியில் கிடந்தது.

"எடுத்தியா?"

தலையசைத்தாள். எடுக்கவில்லை. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நான் ஜன்னலைத் திறக்கப் போனதும் கையை நீட்டித் தடுத்தாள்.

"கேஸ் இல்ல. நம்ம வண்டி கேஸ். ஏசி கேஸ். பாய் இறக்கினாரு, அவ்வளவுதான்."

என்னையே பார்த்தாள். நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. ஒரு நிமிடம் கழித்துத்தான் குரல் வந்தது.

"நூறு வரைக்கும் எண்ணிட்டு எடுக்கலாம்னு இருந்தேன். எண்பத்தாறுல வந்தீங்க."

"எடுத்திருக்கணும். ரொம்ப முட்டினா எடுக்கணும்னுதானே சொல்லியிருக்காங்க."

"எடுத்தா நாளைக்கு இல்லயே." பிறகு, "நம்ம வண்டியா? ஊரையே தொரத்தி உட்டுட்டு வந்து நிக்கிறீங்களா?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கும் வரை அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அது நிற்க நான்கு நிமிடம் ஆனது.

12.20க்குக் குழாயில் ஊதச் சொன்னேன். 190. காலையில் 230. எழுதினேன். அவள் அந்த எண்ணை நோட்டில் எட்டிப் பார்த்தாள்.

"போங்க. வண்டிய முடிச்சுட்டு வாங்க. இன்னொரு தடவ என்னால எண்ண முடியாது."

ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மெல்லிய எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றிலும் தடிமன் பொறித்திருக்கும்; விசிறி போல விரியும். ஷெட்டுக்குத் திரும்பியபோது மீன்கார அம்மா வந்துவிட்டிருந்தார். பூனை இரண்டு மீனைத் தூக்கிப் போயிருந்தது.

"உன் வாயில மண்ணு வுழ! கேஸாம் கேஸு! என் உசுரு போய் வந்துச்சி, என் வஞ்சிரம் போய் வரலியே!"

"யக்கா, ஏசி கேஸுன்னு கத்துனேனே..."

"ஏசின்ற சொல்ல மொதல்ல சொல்லுடா, பேமானி! கேஸ மொதல்ல சொன்னா எவ நிப்பா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். தப்பு என்னோடதுதான் யக்கா, என்று இரண்டு முறை சொன்னார். அதன் பிறகு அன்று முழுக்க அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "அது" என்றே சொன்னார்.

தட்டுக்கும் புல்லிக்கும் இடையில் இருக்கும் இடைவெளியை அளந்தோம். பாயின் அளவுகோல் சவர பிளேடு. பாதியாக உடைத்த பிளேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து இடைவெளிக்குள் நுழைப்பார். ஒரு பிளேடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

"பதினொண்ணு போவுது."

என் கேஜில் பார்த்தேன். 1.1 மில்லிமீட்டர்.

"அஞ்சுதான் போவணும்," என்றார். "பாத்தியா, உன்னுதும் என்னுதும் ஒண்ணுதான். உன்னுதுக்கு பொட்டி கீது."

நடுவில் உள்ள போல்ட்டைக் கழற்றி, தட்டை வெளியே இழுத்தார். அதன் முகம் வட்டமாக நீலம் பாரித்திருந்தது; வழுக்கி வழுக்கிச் சூடானதன் அடையாளம். பின்னால், தண்டில், காகிதம் போன்ற மூன்று வாஷர்கள். இரண்டை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்து மாட்டினார். அளந்தோம். ஐந்து பிளேடு; என் கேஜில் 0.5. தட்டைச் சுற்றி நான்கு இடத்தில் பார்த்தேன். நான்கிலும் அதே அளவு. திருப்தியாக இருந்தது.

போல்ட்டை இறுக்கிய பிறகு பாய் பெல்ட்டைத் தளர்த்திப் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தார். திரும்பவும் சுற்றினார். மூன்றாவது முறை காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். எனக்கும் கேட்டது. மணல் அரைபடுவது போல மெல்லிய கரகரப்பு.

"பேரிங் பேசுது சார்."

"எத்தனை நாள் தாங்கும்?"

"அத அது சொல்லாது."

விளக்கினார். ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் அந்த பேரிங் மேல்தான் புல்லி சுற்றுகிறது. அது இறுகினால் பெல்ட் அறுந்துவிடும். இந்த காரில் டைனமோவுக்கும் வாட்டர் பம்புக்கும் அதே பெல்ட்தான். இன்ஜின் கொதிக்கும், வண்டி எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். புது பேரிங் வியாழக்கிழமைதான் கிடைக்கும். வேண்டுமானால் சின்ன பெல்ட் போட்டு கம்ப்ரஸரையே விலக்கி ஓட்டலாம். வண்டி நிற்காது. ஏசியும் இருக்காது.

"மாசக்கணக்கா ஓடுனதும் உண்டு, மறுநாள் புட்சிகினதும் உண்டு. நான் சொல்ல மாட்டேன். நீ வூட்ல கேட்டுகினு வா."

இதை அவளிடம் சொல்லாமல் விடலாமா என்று நடந்து போகும்போது யோசித்தேன். மறைத்து, நடுவழியில் நின்றால் என்ன முகத்தோடு அவளைப் பார்ப்பேன்? சொன்னேன். அவள் வெந்நீர் குடித்துக்கொண்டே கேட்டாள். அவசரப்படவில்லை.

"ஏசி இல்லாம போனா கண்டிப்பா எடுப்பேன். பேரிங் நிக்கறது கண்டிப்பு இல்லயே."

கம்ப்ரஸரை விலக்க வேண்டாம் என்று பாயிடம் சொல்லப் போனேன்.

மாலை நான்கு முதல் ஐந்து வரை வண்டியை ஷெட் வாசலிலேயே ஏசியோடு ஓடவிட்டோம். 24ஆவது நிமிடம் தாண்டியது. முப்பது தாண்டியது. வெயிலில் பானெட் தொட முடியாத சூடு. குளிர்ச்சி போதுமான அளவு வந்ததும் தட்டு தானாக விட்டது. திரும்பத் தேவைப்பட்டபோது டக் என்று பிடித்தது. அறுபது நிமிடத்தில் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஒவ்வொரு டக்குக்கும் நடுவில் அந்தக் கரகரப்பும் இருந்தது. கிளம்பும்போது பாய், "நாளைக்கு போய் சேந்ததும் ஒரு போன் போடு சார்" என்றார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை.

ராத்திரி அவள் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒன்பது மணிக்கு ஊதியபோது 200. இன்ஹேலர் அவள் பக்கத்திலேயே, மூடியோடு இருந்தது.

மே 15, புதன்கிழமை. வழியில் நின்றாலும் ஆறவிட நேரம் இருக்கட்டும் என்று ஐந்து மணிக்கே கிளம்புவதாகப் பேசியிருந்தோம். 4.15க்கு எழுந்தேன். முகம் கழுவவில்லை. முதலில் கீழே இறங்கி, வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்துவைத்தேன். நின்றுபோவதானால் லாரிகளுக்கு நடுவில் வேண்டாம். இங்கே, வாசலில், அவள் ஏறுவதற்கு முன்னால் நிற்கட்டும். முப்பது நிமிடம் என்று குறித்துக்கொண்டேன். டக். பிடித்தது. விட்டது. டக். ஒவ்வொன்றையும் எழுதினேன். கரகரப்பு நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்று குனிந்து கேட்டேன். அதை அளக்க என்னிடம் ஒரு கருவியும் இல்லை. 4.52க்கு, மாடியில் ஜன்னல் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. நான் கூப்பிடாமலே அவள் படியிறங்கி வந்து, பின் இருக்கையில் ஏறி, கதவை இறுக்கச் சாத்திக்கொண்டாள்.